கடல் நடுவே ஒரு பள்ளிக்கூடம்

மாலத்தீவு என்றதும் உங்களுள் பலருக்கு நாட்காட்டிப் படங்களில் கண்ட நீலக் கடலும் வெண்மணலும் நினைவுக்கு வரக்கூடும். எங்கள் காயல்பட்டினத்து வீடுகளிலோ அந்நாட்டின் பெயர் முதலில் அடுப்படியில்தான் காதில் விழும். அங்கிருந்து வரும் மாசியை உம்மா இடித்துச் சம்பல் செய்வார்கள். விறகுக் கட்டைபோல் இறுகிய அந்த மீன் துண்டு பிறந்த நாட்டில் நானே நான்கு ஆண்டுகள் ஆங்கில ஆசிரியனாக வாழ்வேன் என்று அன்று யார் கண்டார்?

2007 ஜனவரியில், நாட்டின் வடபகுதியிலுள்ள குல்ஹுதுஃபுஷித் தீவில் போய் இறங்கினேன். 2019இல்தான் அத்தீவுக்கெனத் தனி விமான நிலையம் வந்தது. நான் சென்ற காலத்தில், மாலேயிலிருந்து ஹனிமாதூ வரை சிறு விமானத்திலும் அங்கிருந்து விசைப்படகிலும் போகவேண்டும். ஏறத்தாழ 1,200 தீவுகள் கொண்ட அந்நாட்டில் மக்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் சற்றுக் குறைவே. இஸ்லாமியப் பாடமும் திவேஹி மொழியும் தவிரப் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் நடப்பதால், இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆசிரியர்கள் அத்தீவுகளுக்குச் செல்வது நெடுநாள் வழக்கம்.

திவேஹி மொழியின் தானா எழுத்து, அரபியைப் போல் வலமிருந்து இடமாகச் செல்வது. அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களின் வடிவிலிருந்து பிறந்தவை என்பது நான் அங்கே அறிந்துகொண்ட வியப்பு. எனது வகுப்புச் சிறுவர் சிலர் ஆங்கில ஏட்டையும் பின்புறமிருந்து திறந்து எழுதத் தொடங்குவர். திருத்தும்போது சிரிப்பு வரும். ஒரு நாள் ஒரு சிறுமி பள்ளி வாயிலில் தன் தந்தையைக் கண்டு "பப்பா!" என்று கூவிக்கொண்டு ஓடினாள். என் மூன்று வயது மகளின் "வாப்பா" அதே ஓசையில் என் செவியில் விழுந்தது. அன்று பிற்பகல் நான் சரியாகப் பாடம் நடத்தவில்லை. தோணியையும் அவர்கள் தோணி என்றே சொல்கின்றனர். இத்தகைய சொற்கள் ஆறுதலா, வேதனையா என்று முதல் ஆண்டு முழுவதும் எனக்கு விளங்கவில்லை.

மாலேயின் நேரம் நம் நேரத்திற்கு அரை மணி பிந்தியது. என் கைக்கடிகாரத்தை நான் மாற்றவேயில்லை. "இப்போது மகள் பள்ளிவிட்டு வந்திருப்பாள், இப்போது உம்மா தஸ்பீஹுடன் அமர்ந்திருப்பார்கள்" என்று இந்திய நேரத்திலேயே வாழ்ந்தேன். வெள்ளியும் சனியும் அங்கே விடுமுறை. ஊரில் அனைவரும் கூடி உண்ணும் ஞாயிறன்று நான் கரும்பலகையின் முன் நிற்பேன். அசருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட வேளைதான் மிகக் கடினம். தீவினர் கடற்கரையில் கயிறு பின்னிய ஜோலி இருக்கைகளில் சாய்ந்து பேசிக்கொண்டிருப்பர். நானோ அறைக் கதவை மூடிக்கொண்டு கிடந்தேன்.

இந்த ஏக்கத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். கவலையைத்தான் பொறுக்க இயலவில்லை.

அவ்வாண்டு ஜூனில் உம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எனக்குத் தெரிந்ததோ ஆகஸ்டில். தூரத்தில் இருப்பவன் கலங்குவானே என்று வீட்டார் மறைத்துவிட்டனர். தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், "தொழுகிறார்கள்", "உறங்குகிறார்கள்" என்றே விடை வந்தது. ஒருவர் எத்தனை நாள்தான் எப்போது அழைத்தாலும் உறங்கிக்கொண்டேயிருப்பார்? இரவுகளில் என் மனம் ஜனாஸா வரை சென்று திரும்பியது. அது பருவக்காற்றின் காலம். கடல் கொந்தளித்தால் விசைப்படகும் புறப்படாது. கடைசியில், மாலேயில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் உண்மையை உடைத்தார். அப்போது உம்மா கோல் ஊன்றி நடக்கவே தொடங்கியிருந்தார்கள்! உண்மையைவிட நான் கற்பனை செய்தவை எத்தனையோ மடங்கு கொடியவை.

வீட்டாரைக் கடிந்துகொண்டேன். ஆயினும் நானும் உத்தமன் அல்லன். ஆண்டின் தொடக்கத்தில் அத்தீவுகளில் பரவிய சிக்குன்குனியா என்னையும் படுக்கையில் வீழ்த்தியிருந்தது. நான் வீட்டில் வாய் திறக்கவில்லை. இதைச் சொன்னதும் மறுமுனையில் என் மனைவி நெடுநேரம் பேசவில்லை. பின்னர் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் பின் அழைப்பது. காய்ச்சலோ கடனோ மனத்தாங்கலோ, எதையும் மறைப்பதில்லை. மற்ற நாட்களில் அழைப்பு வராவிடில் நலமென்றே கொள்வது. அதன்பின்தான் எனக்கு உறக்கம் வந்தது.

அத்தீவுகளில் அந்நியராய் வாழ்ந்தோரில் பெரும்புகழ் பெற்றவர் இப்னு பதூதா. 1343இல் வந்து, அங்கே காழியாகவும் இருந்தார். பின்னர் இலங்கை வழியாக நம் மதுரைச் சுல்தானிடமும் வந்து சென்றார். 1325இல் தாஞ்சியரை விட்டு நீங்கிய அவர், தந்தை இறந்த செய்தியை 1348இல் டமாஸ்கஸில் கேட்டார். அதற்குள் பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. மறு ஆண்டு வீட்டை நெருங்கிய வேளையில், தாயும் கொள்ளைநோயில் மறைந்ததை அறிந்தார். அவருக்குச் செய்தி சொல்ல வழியில்லை. நமக்குச் சட்டைப்பையில் தொலைபேசி இருந்தும் நாம் ஒருவருக்கொருவர் மறைக்கிறோம்!

உறக்கம் திரும்பியதும் கதவும் திறந்தது. மாலை வேளைகளில் ஜோலியில் போய் அமர்ந்தேன். திவேஹியில் நான் பிழைபடப் பேசுவதைக் கேட்டு என் மாணவர்கள் மகிழ்ந்தனர். திருத்தும் முறை இப்போது அவர்களுடையது. குல்ஹுதுஃபுஷிப் பெண்கள் தேங்காய் மட்டையை ஊறவைத்து, அடித்து, கயிறு திரிப்பதில் பெயர் பெற்றவர்கள். அவ்வாறு திரிக்கும் அண்டை வீட்டு மூதாட்டிக்கு என் உம்மாவின் செய்தி எப்படியோ எட்டிவிட்டது. என்னைக் காணும்போதெல்லாம், "மம்மா ரங்கள்ளு?" என்பார். "அம்மா நலமா?" என்று பொருள். நான் "ரங்கள்ளு" என்பேன். ஒரு வெள்ளிக்கிழமை, உம்மாவுக்குக் கால்வலி கூடியிருந்த செய்தியையும் அரைகுறைத் திவேஹியில் அவரிடமே முதலில் சொன்னேன்.

2010 இறுதியில் நான் விடைபெற்றபோது, அம்மூதாட்டி தம் கையால் திரித்த ஒரு சுருள் கயிற்றைத் தந்தார். என் கைக்கடிகாரம் அப்போது மாலே நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. எப்போது மாற்றினேன் என்பது நினைவில்லை. ஊர் வந்ததும் உம்மா அக்கயிற்றை இழுத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "நம்மூர்க் கயிறு மாதிரியேதான் இருக்கிறது" என்றார்கள். பிறகு முற்றத்தில் துணி காயப்போடக் கட்டச் சொன்னார்கள்.