அப்பாவின் முதல் கார்... ஷோரூமில் நான் கேட்ட ஒரு கையெழுத்து!

58 வயதில் அப்பாவுக்கு முதல் கார். ரிட்டயர்மென்ட்டில் வந்த பி.எஃப் பணம். ஷோரூமில் ஏசி, காபி, 'சார்... சார்...' என்ற உபசரிப்பு. கொட்டேஷனைப் படிக்காமலே பேனாவை எடுத்துவிட்டார்.

நான்தான் தடுத்தேன். வெளியே விசாரித்ததைவிட இன்ஷூரன்ஸ் 14,000 ரூபாய் அதிகம். "எங்ககிட்ட எடுத்தாதான் டெலிவரி மேடம்" என்றார் சேல்ஸ் பையன். என் வயதுதான் இருக்கும், அவருக்கு என்ன டார்கெட்டோ! ஆனால், ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி புகார் கொடுக்கலாம்.

"அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்றேன். உள்ளே போனவர் பத்து நிமிடத்தில் திரும்பினார். "வெளியிலயே போட்டுக்கங்க."

அவர் மறுத்திருந்தால் 1915-க்கு போன் செய்திருப்பேன். அதற்கும் மசியவில்லையென்றால், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் வழக்கு போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. எங்களுடையதுபோல ஏழு லட்ச ரூபாய் காருக்குக் கட்டணம் 200 ரூபாய்தான்.

வழியெல்லாம் அப்பா பேசவில்லை. "காபி குடுத்தவங்ககிட்ட இப்படியா பேசுறது?" என்று மட்டும் வீட்டு வாசலில் கேட்டார்.

இரவு 11 மணிக்கு ஹாலில் லைட் எரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொட்டேஷனை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஹேண்ட்லிங் சார்ஜ் 6,000-னு போட்டிருக்கானே... இது எதுக்கும்மா?"

மறுநாள் காலை ஷோரூமுக்கு போன் போட்டது அப்பாதான்.