எந்தையார் வெட்டிய பள்ளங்கள்

எம் இல்லம் செம்மண் மேட்டின் அடியில் உளது. மழைதோறும் கலங்கல் நீர் முற்றத்திற் புகும். மதிலெழுப்புவோம் என்றேன் யான். எந்தையாரோ சரிவிற்குக் குறுக்கே மூன்று நெடும்பள்ளங்கள் வெட்டிக் கரைகளில் வெட்டிவேர் நட்டார். “வெள்ளத்தோடு மல்லுக்கு நில்லாதே; மண்ணுக்குள் இறங்க வழிவிடு” என்றார். யான் நகைத்தேன்.

2023 டிசம்பர் 18 காலை வரை, 24 மணி நேரத்தில், எம்மூர்க்கு அணித்தான காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. அப்பெருமழைக்கு எப்பள்ளம் ஈடாகும்? முற்றம் மூழ்கிற்று. அயலார் மதிலும் சாய்ந்தது. ஆயினும் வேர் பற்றிய கரைகள் நின்றன. இல்லத்துட் புகுந்திருக்க வேண்டிய சேறு பள்ளங்களிலேயே தங்கிக் கிடந்தது.

நீர் வடிந்தபின் யானே மண்வெட்டி எடுத்துத் தூர்ந்தவற்றைத் தோண்டினேன். எந்தையார் யாதும் உரைத்திலர்; புல் நட்டவாறே பின்னே வந்தார்.