ஸ்பிரிங்கை இறுக்கினா போதுமா பாஸ்?

ட்ராக் டேன்னு சொன்னதும் பசங்க செய்யற முதல் வேலை, பின்பக்க ஸ்பிரிங்கை கடைசி படி வரைக்கும் இறுக்கறது. கெட்டியாயிடுமாம்! ஆகாது. ப்ரீலோட் மாத்தறது, ஆள் உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு அமுங்குதுங்கறதைத்தான். இதுக்குப் பேரு ஸாக். சக்கரம் தொங்கும்போது ஒரு தடவை, ஹெல்மெட் ஜாக்கெட்டோட ஆள் உட்கார்ந்ததும் ஒரு தடவை அளக்கணும். ஸ்போர்ட்ஸ் பைக்குல வித்தியாசம் ரோட்டுக்கு சுமார் 35 மி.மீ., ட்ராக்குக்கு 30 மி.மீ. இருந்தா நல்ல ஆரம்பம்.

அடுத்தது ரீபவுண்ட். அமுங்கின ஸ்பிரிங் எவ்வளவு வேகமா மேல வரணும்ங்கறது. இதை ரொம்ப இறுக்கினா, ஒரு குழியில அமுங்கின சக்கரம் திரும்ப இறங்கறதுக்குள்ள அடுத்த குழி வந்துடும். டயர் தரையை விட்டுடும். அந்த நேரத்துல பிரேக் பிடிச்சா...?

இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குல குழி கிடையாது. ஆனா கேட்டைத் தாண்டினா பெங்களூர் ஹைவே. பலர் வீட்டுக்குப் போறதும் அதே வண்டியிலதான். அதனால திருகை முழுசா மூடி எத்தனை க்ளிக்னு எண்ணி, தாள்ல எழுதி வச்சுட்டு அப்புறம் மாத்தணும். கிளம்பும்போது பழையபடி வைக்கணும், அஞ்சு நிமிஷ வேலை. ட்ராக்குல விழுந்தா பின்னாடி லாரி வராது. ரோட்டுல வரும்.