அடியில் ஓடும் நீர்

யூட்டா மாநிலத்தின் கிரேட் சால்ட் ஏரிக்குக் குறுக்கே ஒரு ரயில்கரை போகிறது. 1959-இல் கல்லைக் கொட்டி எழுப்பியது. அதற்கு முன்பு மரத்தூண் பாலத்தின்மேல் ரயில் ஓடியது. கீழே நீர் தாராளமாகப் போய்வந்தது. கரை வந்தபின் ஏரி இரண்டாகிவிட்டது. ஆறுகள் தெற்கில்தான் வந்து கலக்கின்றன. வடக்கு காய்ந்து காய்ந்து, இனி உப்பு கரையாது என்ற நிலைக்கு வந்து இளஞ்சிவப்பாகக் கிடக்கிறது.

2016-இல் அந்தக் கரையில் 180 அடி அகலத்துக்கு ஒரு வாய் திறந்தார்கள். அதன் வழியே நீர் போகும் விதத்தைக் கணினியில் கணக்கிடுவதுதான் என் வேலை. மேலாகத் தெற்கு நீர் வடக்கே போகும். அதே நேரத்தில் அடியில் கனத்த வடக்கு நீர் தெற்கே வரும். படகிலிருந்து கருவியைக் கயிற்றில் இறக்கினால் முதலில் வடக்கே சாயும். இன்னும் சில அடி விட்டதும் எதிர்ப்பக்கம் இழுக்கும். அந்த இழுப்பு கையில் தெரியும்போது இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

கடலுக்கென எழுதிய அடர்த்திச் சூத்திரம் இங்கே செல்லாது. கடலில் உப்பு 3.5 சதவீதம், வடக்கில் 25-ஐத் தாண்டும். உப்பு ஏற ஏற நீர் ஆவியாவதும் குறையும். மேல்நீரும் அடிநீரும் கலக்கும் வேகத்தைக் கொஞ்சம் தவறாகக் கொடுத்தாலும் போதும், ஓராண்டுக் கணக்கின் முடிவில் தெற்கின் உப்பே மாறிவிடும். அங்கே வாழும் ஆர்ட்டீமியா என்ற சிறு உப்புநீர் இறாலுக்கு, நம் இறால் பொரிப்பகக்காரர்களுக்கு நன்கு தெரிந்த அதே உயிருக்கு, அந்த உப்புதான் வாழ்வும் சாவும். அதைத் தின்ன வரும் பறவைகள் பல லட்சம்.

நிதி கேட்டு எழுதினால் கணினிக்குக் கிடைத்துவிடும், ஆய்வு மாணவருக்கும் கிடைத்துவிடும். வெட்டு விழுவது, நேரில் அளக்கப் போகும் படகுச் செலவில். ஒருமுறை ஆண்டுக்குப் பன்னிரண்டு பயணம் கேட்டோம், நான்கு தந்தார்கள். நீருக்குள் விட்டுவந்த சென்சாரை வசந்தத்தில் போய்த் தூக்கிப் பார்த்தால் முழுக்க உப்புப் படிகம், கல்போல் இறுகியிருந்தது. சுரண்டியெடுக்கவே அரைமணி நேரமானது. மூன்று மாதப் பதிவு வெறும் நேர்கோடு. பனி உருகி வெள்ளம் வந்த மாதங்கள் அவை. இனி எந்தக் கணினியாலும் அவற்றை மீட்க முடியாது.

ஏரி பயமுறுத்தினால்தான் பணம் வருகிறது. 1980-களில் பொங்கியபோது ஏறத்தாழ 6 கோடி டாலர் செலவில் பம்ப் வைத்து மேற்குப் பாலைக்கு நீரை இறைத்தார்கள். 1987-இல் ஓடத் தொடங்கிய பம்புகள் 1989-இல் நின்றன. 2022-இல் ஏரி வரலாறு காணாத அளவுக்கு வற்றியது. அந்த ஆண்டே ஏரிக்கு நீர் சேர்க்க மாநிலம் 4 கோடி டாலர் ஒதுக்கியது. நடுவில் வரும் சாதாரண ஆண்டுகளில்தான் ஏரியைப் படிக்க வேண்டும் என்பேன். அப்போது யாரும் கேட்பதில்லை.

2023 தொடக்கத்தில், அடியில் தெற்கே வரும் கனத்த நீரைத் தடுக்க, கரையில் திறந்த அந்த வாயின் அடியிலிருக்கும் கல்வரம்பை உயர்த்தினார்கள். தெற்கின் உப்பு இறங்கியது. ஆனால் அந்தக் குளிர்காலம் பனியும் கொட்டித் தீர்த்தது. எதற்கு எவ்வளவு பங்கு? வரம்பை உயர்த்திய ஏரியையும் உயர்த்தாத ஏரியையும் கணினியில் அருகருகே ஓட்டிப் பார்த்துச் சொல்லலாம், அந்த வாயில் உயர்த்துவதற்கு முன்னும் பின்னும் அளந்திருந்தால்.

இப்போது எழுதும் விண்ணப்பத்தில் செலவுப் பட்டியலின் முதல் வரியே படகுதான். மாதம் ஒரு பயணம், ஐந்து ஆண்டுக்கு.