ஃபிளெக்ஸில் எரியாத நியான்

படப்பையில் புரோட்டா கடை வைத்திருக்கும் அண்ணன் நேற்று வந்தார். "தம்பி, கடைப் பேரு நியான் மாதிரி ஜொலிக்கணும். ஒரகடத்துல ஷிப்ட் முடிஞ்சு வர்ற பசங்க கண்ணுல படணும். பின்னாடி வெள்ளையா விட்டுடு."

வெள்ளையிலா? ஃபோட்டோஷாப்பில் அவுட்டர் குளோ வழக்கமாக ஸ்கிரீன் மோடில்தான் வேலை செய்யும். அது வெளிச்சத்தைக் கூட்டுகிற கணக்கு. வெள்ளையோடு எதைக் கூட்டினாலும் வெள்ளைதான். கருநீலச் சுவர் வைத்தேன். எழுத்தின் நடுவை ஏறக்குறைய வெள்ளையாக்கி, நிறத்தை ஓரத்துக்குத் தள்ளினேன். புதிதாகச் செய்பவர்கள் எழுத்து முழுக்கச் சிவப்பைக் கொட்டிவிடுவார்கள். அது விளக்கு இல்லை, பெயிண்ட். அப்புறம் லேயரை நகலெடுத்து காஸியன் பிளர். அதற்கும் கீழே இன்னும் அகலமாக ஒன்று.

நிறம்? ஆரஞ்சு கலந்த சிவப்பு. 1910-ல் பாரிஸில் ஜார்ஜ் குளோட் காட்டிய நியான் குழாயின் நிறம் அதுதான். நீலத்துக்கு ஆர்கானும் பாதரசமும் வேண்டும். (அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.)

திரையில் பார்த்ததும் அசந்துவிட்டார். "அப்படியே ஃபிளெக்ஸ்ல அடிச்சுடு தம்பி."

மானிட்டர் ஒளியை உமிழும். ஃபிளெக்ஸ் மை ஒளியைத் தின்னும். "ராத்திரி எரியாதுண்ணே. உள்ளே லைட் வச்ச போர்டா போட்டுடலாம்" என்றேன்.

விலையைக் கேட்டார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரெண்டு டீ சொன்னார்.