இப்ப என்ன வேகத்தில ஏறுது?

மாரி தொடங்கினால் மட்டக்களப்பில் எல்லாரும் கேட்கிறது ஒன்றுதான்: "வாவியில தண்ணி எவ்வளவு ஏறியிருக்கு?" உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்த எங்களுக்கு இன்னொரு கேள்வியும் முக்கியமாகப் படுகிறது: இப்ப என்ன வேகத்தில ஏறுது?

இரண்டும் ஒன்றல்ல. ஏறிய உயரத்தைக் கழிந்த மணித்தியாலங்களால் பிரித்தால் வருவது சராசரி. விடியப்புறம் சும்மா கிடந்த தண்ணி பின்னேரம் விறுவிறென்று ஏறினாலும் சராசரி அதைக் காட்டாது. படுவான்கரையில் வயல் செய்கிறவருக்கும் வாவியோரம் தாழ்ந்த நிலத்தில் வீடுள்ளவருக்கும் சராசரியை வைத்து என்ன செய்யலாம்? முகத்துவாரத்தை எப்ப வெட்டுறது என்று யோசிக்கிறவர்களுக்கும் 'இப்ப' தான் வேணும்.

ஒரு கணக்குக்காக, t மணித்தியாலத்தில் தண்ணீர் t² சென்ரிமீற்றர் ஏறுகிறது என்று வைப்போம். மூன்று மணித்தியாலத்தில் 9 செ.மீ. சராசரி, மணிக்கு 3. ஆனால் அந்த மூன்றாம் மணியில்?

வரைபில் 3க்கும் 4க்கும் இடையே ஒரு நாண் வரையுங்கள். படித்திறன் 16−9, அதாவது 7. அடுத்த புள்ளியை 3.1க்குக் கொண்டுவந்தால் 6.1. 3.01க்கு வந்தால் 6.01. மற்றப் பக்கத்தால் வந்தாலும் 2.9க்கு 5.9, 2.99க்கு 5.99. இரண்டு பக்கமும் 6ஐத்தான் நெருங்குகின்றன. நாண் திரும்பித் திரும்பித் தொடலியாகிறது. சராசரி 3 என்று சொன்ன நேரத்தில், தண்ணி அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கு!

"மச்சான், ரெண்டு புள்ளியும் ஒண்டாகினா பூச்சியத்தைப் பூச்சியத்தால பிரிக்கிறதுதானே?" என்று எங்களுக்குள்ளேயே கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. ஆனால் புள்ளிகளை நாங்கள் ஒன்றாக்குவதில்லை. இடைவெளி h என்றால் படித்திறன் (6h+h²)/h. h பூச்சியம் இல்லாதவரை அது 6+h. h சிறுக்கச் சிறுக்க அது எதை நெருங்குகிறது என்று மட்டும் பார்க்கிறோம். அதுதான் எல்லை. அந்த எல்லைக்குப் பெயர்தான் பெறுதி.

இந்த 'இப்ப' என்ற கேள்வி பழசு. 1150இல் 'சித்தாந்த சிரோமணி' எழுதிய இரண்டாம் பாஸ்கரர், சந்திரனின் வேகம் ஒரு நாளுக்குள்ளேயே மாறுவதால், அந்தந்தக் கணத்தின் வேகத்தைத் தனியாகக் கணித்தார்.

"அடுக்கை முன்னுக்குப் போடு, ஒன்றைக் குறை" என்று பாடமாக்கினால் சோதினையில் புள்ளி வரும். ஆனால் 2t ஏன் வந்தது என்பது நாண் வரைந்தால்தான் விளங்கும். இந்த மாரிக்குப் பாதுகாப்பான இடத்தில் கம்பொன்றில் அளவு கீறி நட்டு, அரை மணிக்கொருக்கா குறித்துப் பாருங்கள்.