இணையக் கட்டுரையும் திறவுச்சொல்லும்

ஒரு பொருளுக்கு எத்தனை பெயர்கள் உண்டு என்பதைச் சிறுவர்கள் மனப்பாடம் செய்த காலம் ஒன்று இருந்தது. திண்ணைப் பள்ளிகளில் நிகண்டு ஓதாமல் படிப்பு முற்றுப்பெறாது. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டில் 12 தொகுதிகள் உள்ளன. முதல் 10 தொகுதிகள் ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களை எடுத்துரைப்பன. 11ஆம் தொகுதி ஒரு சொல் உணர்த்தும் பல பொருள்களைத் தொகுத்துக் கூறுவது. அகரவரிசை அகராதிகள் அச்சேறிய பின்னர் நிகண்டுகள் புலவர்களின் அலமாரிக்குள் ஒதுங்கிவிட்டன. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, எங்கள் வட்டாரத் தமிழன்பர்கள் நடத்தும் இணையத்தளத்தில் கட்டுரைகளைச் செப்பம் செய்யும் பொறுப்பை ஏற்றபோதுதான், நிகண்டு ஓதியவர்கள் எத்தகைய பயிற்சியைப் பெற்றிருந்தார்கள் என்பது எனக்கு விளங்கிற்று.

அச்சில் வரும் கட்டுரை வாசகரிடம் தானே செல்கின்றது. ஆண்டு மலரை வாங்கியவர் பக்கங்களைப் புரட்டுகின்றார். தலைப்பு அழகாக இருந்தால் நின்று படிக்கின்றார். இணையத்தில் நிலைமை வேறு. அங்கே வாசகர் இரண்டு மூன்று சொற்களைக் கையில் ஏந்திக்கொண்டு வருகின்றார். அவற்றைத் தேடுபொறியின் கட்டத்தில் தட்டுகின்றார். தேடுபொறி அந்நொடியில் உலகமெங்கும் ஓடித் தேடுவதில்லை. பக்கங்களையெல்லாம் முன்னரே படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று பெரியதொரு சொல்லடைவை அது அமைத்து வைத்துள்ளது. உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் இறுதியில் அமைத்த அகராதியைக் கண்டவர்க்கு இது புதுமையன்று. அடைவில் இல்லாத சொல்லைக் கொண்டு நூலுக்குள் நுழைதல் எவ்வாறு? ஒத்த பொருளுடைய சொற்களை உணரும் ஆற்றலைத் தேடுபொறிகள் இந்நாளில் ஓரளவு பெற்றுள்ளன என்பது உண்மையே. ஆயினும் ஆங்கிலத்தில் அவை காட்டும் தெளிவைத் தமிழில் நான் கண்டதில்லை.

வாசகர் ஏந்திவரும் அச்சொல்லையே திறவுச்சொல் என்கின்றோம். குறிச்சொல் என்பாரும், முக்கியச் சொல் என்பாரும், தேடுசொல் என்பாரும் உளர். திறவுச்சொல்லுக்கே நால்வகைத் திறவுகோல் வேண்டியுள்ளது, பாருங்கள்!

இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனச் சொற்களைத் தொல்காப்பியர் நால்வகையாகப் பகுத்தார். கற்றவர் எழுதும்போது திரிசொல்லின்பால் மனம் செல்கின்றது. தேடி வருபவரோ இயற்சொல்லோடும் திசைச்சொல்லோடும் வருகின்றார். அவர் நாவில் உள்ளது ஒன்று. நம் பக்கத்தில் உள்ளது மற்றொன்று. இருவரும் தமிழரே, இருவரும் ஒரே பொருளைத்தான் நாடுகின்றனர். ஆயினும் சந்திப்பு நிகழ்வதில்லை.

இதனை நான் கண்கூடாகக் கண்டேன். என் நண்பர் ஒருவர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றியவர். தாம் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தின் வரலாற்றைப் பல ஆண்டுகள் முயன்று தொகுத்து, நீண்டதொரு கட்டுரையாக எங்கள் தளத்தில் வெளியிட்டார். 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலைப் பற்றி அதில் அவர் எழுதியிருக்கும் பகுதி மனத்தை உருக்கும். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தம் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகக் கூறுபோட்டு விற்றனர். வேலையும் வீடும் ஒருங்கே இழந்த தொழிலாளர் குடும்பங்கள் தெருவிற்கு வந்தன. அக்கொடுமைக்கு மாற்றாகவே வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். இவற்றையெல்லாம் விரிவாக எழுதிய நண்பர், கட்டுரைக்கு 'மறைந்த சுவடுகள்' என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

அவருடைய பேத்தி இடைநிலைப்பள்ளி மாணவி. வரலாற்றுப் பாடத்தின் இடுபணிக்காகத் தோட்டத் துண்டாடலைப் பற்றி இணையத்தில் தேடினாள். ஆங்கிலத்தில் சில பக்கங்கள் கிடைத்தன. தமிழில் ஒன்றும் அகப்படவில்லை என்று என்னிடம் வந்து, "தாத்தா, இதைப் பற்றி யாருமே தமிழில் எழுதவில்லையா?" என்று கேட்டாள். அவள் தேடிய செய்தியைப் பத்துப் பக்கம் எழுதி வைத்தவர் அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவரே. அக்கட்டுரையைத் திறந்து காட்டினேன். நெடுநேரம் படித்தாள். பிறகு, "தாத்தா 'நிலக் கூறுபாடு' என்று எழுதியிருக்கிறார், பாட்டி வீட்டில் 'துண்டாடல்' என்றுதானே சொல்வார்கள்?" என்றாள்.

நண்பரின் நடையில் ஓரெழுத்தையும் நாங்கள் மாற்றவில்லை. மாற்ற எவருக்கும் உரிமையும் இல்லை. தலைப்பின் கீழே, 'மலேசிய ரப்பர் தோட்டத் துண்டாடல்: ஒரு தோட்டத்தின் வரலாறு' என்று ஒரு துணைத்தலைப்பைச் சேர்த்தோம். முன்னுரையாக ஐந்தாறு வரிகள் எழுதினோம். இம்முறை நம் முன்னோர்க்கும் தெரிந்ததே. இராஜம் ஐயரின் நாவல் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்றே பெயர் பெற்றது. அந்த 'அல்லது' நம் காலத்திற்கு மிகவும் பயன்படும். கவிதை நயமான தலைப்பை விரும்புவோர் அதனைத் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். ஓர் 'அல்லது' சேர்த்து, பொருளையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

முன்னுரையை எழுத அமர்ந்தபோதுதான் நிகண்டின் 11ஆம் தொகுதி குறுக்கே நின்றது. தோட்டம் என்னும் சொல்லை மட்டும் தேடினால், மாடித் தோட்டமும் கத்தரி நாற்றும் வந்து குவிகின்றன. தமிழகத்தார்க்குத் தோட்டம் என்பது காய்கறி விளைவது, இலங்கை மலையகத்தார்க்குத் தேயிலை, நமக்கு ரப்பர். 'மரம் வெட்டப் போனார்' என்றால் இங்குள்ள முதியவர்கள் விடியற்காலையில் பால்மரம் சீவப் போனதாக உணர்வார்கள். பிறர் கோடரியை நினைப்பார்கள். மங்கு என்னும் சொல் இன்னும் வேடிக்கையானது. பால் வடிய மரத்தில் கட்டும் கிண்ணத்திற்கு நம் தோட்டங்களில் அதுவே பெயர். தேடுபொறியிடம் கேட்டால், முகத்தில் படரும் கருந்திட்டுக்கு மருந்து சொல்கின்றது! ஆகவே தனிச்சொல்லைத் துணையின்றி விடலாகாது. 'ரப்பர் தோட்டம்', 'பால்மரம் வெட்டுதல்', 'பால் மங்கு' என்று இணைத்து எழுதினால் பொருள் ஐயமின்றி நிற்கும். பாடநூல் வழியில் 'இரப்பர்' என்று எழுதுவோரும் உளராதலின், அவ்வடிவத்தையும் ஓரிடத்தில் வைத்தோம்.

ஆயாக்கொட்டகை என்று ஒரு சொல் உண்டு. தாய்மார்கள் வேலைக்குச் சென்றபின் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட இடம். நண்பர் அதனைக் 'குழந்தைகள் காப்பகம்' என்றே எங்கும் எழுதியிருந்தார். குழந்தைகள் காப்பகம் என்னும் பெயரில் ஆயிரம் பக்கங்கள் இருக்கும்; அவற்றினிடையே இக்கட்டுரை எங்கே நிற்கும்? ஆயாக்கொட்டகை என்று தட்டுபவரோ அக்கொட்டகையில் வளர்ந்தவராக இருப்பார். அல்லது வளர்ந்தவரின் பிள்ளையாக இருப்பார். அவர் ஒருவரே ஆயினும் நமக்குரிய வாசகர் அவரே. எல்லாரும் தட்டும் பொதுச்சொல்லைத் துரத்துவதைவிட, சிலரே தட்டும் சிறப்புச் சொல்லைக் கைவிடாமல் காப்பது எழுதுவோர்க்கு நன்மை தரும் என்பது என் கருத்து. கொச்சை என்று நாம் ஒதுக்கும் சொற்களில் இவ்வகைச் சொற்கள் மிகுதி. தளத்தை நடத்துவோர்க்குக் கூகுள் நிறுவனம் கட்டணமின்றி வழங்கும் 'செர்ச் கன்சோல்' என்னும் கருவி, வாசகர்கள் எச்சொற்களைத் தட்டி வந்தார்கள் என்பதைக் காட்டும். சில திங்கள் கழித்து அதனைப் பார்த்தபோது, லயம், கிராணி, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை ஆகிய சொற்கள் அங்கே வரிசையாக நின்றன. அவற்றைத் தட்டியவர்கள் யாரோ, எந்த ஊரினரோ!

தமிழின் இயல்பால் விளையும் இடர் ஒன்றையும் ஆசிரியர்கள் கருத வேண்டும். நம் பெயர்ச்சொற்கள் வேற்றுமை உருபேற்று உருமாறுவன. தோட்டம் என்பது தோட்டத்தில், தோட்டத்தை, தோட்டங்களின் என்றெல்லாம் திரியும். 'தமிழ்ப்பள்ளி' என்று சேர்த்தும், 'தமிழ்ப் பள்ளி' என்று பிரித்தும், ஒற்று மிகாமல் 'தமிழ் பள்ளி' என்றும் மக்கள் தட்டுகின்றனர். இவற்றை ஒன்றென அறியத் தேடுபொறி முயல்கின்றது. எல்லா நேரத்திலும் வெல்வதில்லை. எனவே தலைப்பிலும் முதற்பத்தியிலும் உருபேற்காத எழுவாய் வடிவம் ஒருமுறையேனும் வருதல் நலம். அதற்காகப் பிழையான வடிவங்களையும் தூவ வேண்டுமா என்று ஓர் இளைஞர் கேட்டார். வேண்டா. பலரும் செய்யும் எழுத்துப்பிழைகளைத் தேடுபொறியே திருத்திக் கேட்கின்றது. பிழையை நட்டுப் பயிராக்குவது தமிழாசிரியர் வேலையன்று.

திறவுச்சொல் என்றவுடன் அதனை அள்ளித் தெளிப்போரும் உளர். வரிக்கு வரி ஒரே தொடரைத் திணித்து எழுதிய பக்கங்களைப் படித்தால் காது புளித்துப்போகும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் சொற்களை மறைத்து வைக்கும் தந்திரமும் ஒருகாலத்தில் நடந்தது. பக்கத்தின் புறத்தே தெரியாத தலைப்பகுதியில் திறவுச்சொற்களை அடுக்கும் வழக்கமும் இருந்தது. பக்கங்களை வரிசைப்படுத்த அவ்வடுக்கைத் தான் பயன்படுத்துவதில்லை எனக் கூகுள் 2009 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. மறைத்தலும் திணித்தலும் இன்று பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளும் குற்றங்களாகவே கொள்ளப்படுகின்றன. உப்பு அளவோடு இருக்கும் வரைதான் உணவு.

இவ்வளவும் எழுத்துகள் எழுத்துகளாகவே தளத்தில் இருந்தால்தான் பயன்படும். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது அவற்றுள் தமிழை ஏற்றிவைத்தவர், எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் 1980களிலேயே கணினியில் தமிழை எழுத வைத்தது. ஆனால் அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு இருந்தமையால், ஒன்றில் எழுதியதை மற்றொன்றால் தேட இயலவில்லை. யூனிகோடு பரவிய பின்னரே தேடுதல் முழுமையாகக் கைகூடிற்று. இதனை அறிந்தும், பல அமைப்புகள் தம் பழைய மலர்களைப் படம் பிடித்து அப்படியே தளத்தில் ஏற்றிவிடுகின்றன. படத்திலுள்ள தமிழைப் படிக்கும் கருவிகள் இன்று உள்ளன. மங்கிய பழைய அச்சில் அவை தடுமாறுகின்றன. ஒவ்வொரு மலருக்கும் கட்டுரைத் தலைப்பு, எழுதியவர் பெயர், பொருள் குறித்த இரண்டு வரிகள் ஆகியவற்றையேனும் தட்டச்சு செய்து சேர்த்தால், பாதி மலர்கள் உயிர்பெறும். இதனை மாணவர்கள் ஒரு விடுமுறையில் செய்து முடிப்பார்கள்.

வகுப்பில் செய்யத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. ஒரு கட்டுரையைப் படிக்கச் செய்து, "இச்செய்தி வேண்டுமாயின் நீ எந்தச் சொல்லைத் தட்டுவாய்?" என்று ஒவ்வொருவரையும் எழுதித் தரச் சொல்லலாம். பிறகு அச்சொற்கள் கட்டுரையில் உள்ளனவா என்று அவர்களே தேடிப் பார்க்கட்டும். ஒரு பள்ளியில் இதனை நடத்திப் பார்த்தேன். முப்பது மாணவர் எழுதிய சொற்களில் பெரும்பாலானவை கட்டுரையில் இல்லை. கரும்பலகையில் அவற்றைத் தொகுத்தபோது, அது ஒரு சிறிய நிகண்டாகவே ஆயிற்று.

நண்பரின் பேத்தி இப்போது வேறொரு தொகுப்பில் ஈடுபட்டுள்ளாள். தோட்டத்து முதியவர்களைக் கண்டு சொற்களைக் கேட்டு எழுதி வருகின்றாள். விடியற்காலையில் தொழிலாளரை நிறுத்திப் பெயர் அழைத்த இடத்தைச் சிலர் பெரட்டு என்கின்றனர். சிலர் பிரட்டு என்கின்றனர். எது சரி என்று என்னிடம் கேட்டாள். இரண்டையும் எழுதச் சொன்னேன்.